மலையிலிருந்து சைக்கிளில் இறங்கும் நம் பிள்ளைகள்



கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகள் இருக்கிற வாப்பாமாரும் உம்மாமாரும் பொறுமையாக வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கியர் சைக்கிள் இல்லாத வீடு இப்போது நம் ஊரில் குறைவு. லீவு தொடங்கினால் போதும், சுபஹு தொழுத கையோடு ஏழெட்டுப் பொடியன்மார் ஒன்றாகக் கிளம்பிவிடுகிறார்கள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டோ, யாருடையவாவது லொறியில் ஏற்றிக்கொண்டோ மேல்மலைக்குப் போய், கொழுந்து லொறி போகிற கிறவல் றோட்டு வழியாகக் கீழே பாய்ந்து வருகிறார்கள். மவுண்டன் பைக்கிங் என்று அதற்குப் பெயரும் வைத்திருக்கிறார்கள். போன தவணையில் மட்டும் என் வகுப்பில் மூன்று பேர் கையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார்கள்.

போன வாரப் பள்ளிவாசல் கூட்டத்தில் இந்தப் பேச்சு வந்தது. "முழுசா நிப்பாட்டணும், மலைக்குச் சைக்கிள் கொண்டு போறவன்ட வாப்பாவக் கூப்பிட்டுக் கேக்கணும்" என்று சிலர் சொன்னார்கள். முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. அதற்கு முன் என் கருத்தை எழுதிவிடலாம் என்று நினைத்தேன். நான் வைத்தியர் இல்லை. பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். பத்து வருஷத்துக்கு மேலாக மலையில் சைக்கிள் ஓடுகிறவன். தடை போட வேண்டாம் என்பது என் கருத்து. இப்போது நடக்கிற மாதிரியே நடக்க விடக்கூடாது என்பதும் என் கருத்துத்தான். காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் இந்த விளையாட்டு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் ஃபேர்ஃபக்ஸ் என்று ஒரு சின்ன ஊர். 1976 ஒக்டோபரில் அங்கே சில இளைஞர்கள் பழைய தடிச் சைக்கிள்களை மலைக்குக் கொண்டுபோய், யார் முதலில் கீழே வருகிறார்கள் என்று பந்தயம் வைத்தார்கள். ஏறக்குறைய 2 மைல் தூரத்தில் 1300 அடி இறக்கம். அந்தச் சைக்கிள்களில் பிரேக் பின் சில்லின் குடத்துக்குள்ளே இருக்கும். பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் பிடிக்கும். ஒரு தடவை இறங்கி முடிய, குடத்துக்குள் இருந்த கிரீஸ் எல்லாம் சூட்டில் புகையாகப் போய்விடும். திரும்பவும் கிரீஸ் அடைக்க வேண்டும். அதனாலேயே அந்தப் பந்தயத்துக்கு "ரீபெக்" என்று பெயர் வந்தது. 20 வருஷம் கழித்து, 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிள் ஒரு போட்டியாகவே சேர்க்கப்பட்டது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த இளைஞர்களுக்கு முதல் நாளே மலை ஒரு பாடம் சொல்லிக்கொடுத்தது: இறக்கத்தில் பிரேக்தான் முதலில் தோற்கும். அவர்கள் நல்ல பிரேக் தேடினார்கள், சைக்கிளையே மாற்றிக் கட்டினார்கள். நம் பொடியன்மார் வாங்குகிற சைக்கிளில் கியரை எண்ணுகிறார்கள். பிரேக் ரப்பர் தேய்ந்திருக்கிறதா என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

அடுத்தது வேகம். தரம் 10 பிள்ளைகளோடு ஒரு நாள் இறக்கமான றோட்டில் 100 மீற்றர் அளந்து, நிறுத்தற்கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பெடல் மிதிக்காமல் வந்த ஒரு பையன் அதை 10 செக்கனில் கடந்தான். செக்கனுக்கு 10 மீற்றர், அதாவது மணிக்கு 36 கிலோமீற்றர். "சேர், அது ஒரு வேகமா?" என்று சிரித்தார்கள். பலகையில் கணக்குப் போட்டுக் காட்டினேன். அந்த வேகத்தில் ஒரு கல் மதிலில் போய் முட்டுவதும், 5 மீற்றர் உயரத்திலிருந்து நிலத்தில் விழுவதும் ஒன்றுதான். 5 மீற்றர் என்றால் மாடி வீட்டின் மேல்தட்டு ஜன்னல். வகுப்பு அமைதியாகிவிட்டது.

இன்னொன்றும் சொன்னேன். வேகம் இரண்டு மடங்கானால் இயக்கசக்தி நான்கு மடங்காகும். அதே பிரேக்கை அதே அளவு பிடித்தால் சைக்கிள் நிற்க நான்கு மடங்கு தூரம் வேண்டும். முடக்கில் கொழுந்து லொறியைக் கண்ட பிறகு அந்தத் தூரத்தை எங்கே போய் வாங்குவது?

இனி, எப்படி விழுகிறார்கள் என்பதைப் பார்ப்போம். பக்கவாட்டில் சறுக்கி விழுகிறவனுக்குப் பெரும்பாலும் தோல் உரியும், முழங்கால் கிழியும். முன்பக்கமாக, ஹேண்டிலுக்கு மேலால் பறந்து விழுகிறவனுக்குத்தான் பெரிய காயம். செங்குத்தான இறக்கத்தில் உடம்பின் பாரம் ஏற்கெனவே முன்னுக்கு வந்துவிடுகிறது. அந்த நேரம் பயத்தில் முன் பிரேக்கை ஒரேயடியாக அமுக்கினால், அல்லது முன் சில்லு ஒரு கானில் விழுந்தால், சைக்கிள் நிற்கும், ஆள் நிற்கமாட்டான். விழும்போது இரண்டு கையையும் நீட்டுவான். அது மனித இயல்பு. மணிக்கட்டு முறியும், இல்லாவிட்டால் அடி மேலே ஏறிக் கழுத்தெலும்பு முறியும்.

மணிக்கட்டைப் பற்றி ஒரு விஷயம் கட்டாயம் சொல்ல வேண்டும். கட்டைவிரலை நன்றாக விரித்துப் பாருங்கள். விரலின் அடியில், மணிக்கட்டோரம் ஒரு சின்னக் குழி தெரியும். அதற்குக் கீழே ஸ்கஃபொயிட் என்று ஒரு சிறிய எலும்பு இருக்கிறது. கையூன்றி விழுந்தவனுக்கு அந்தக் குழியில் அமுக்கினால் நோகிறது என்றால் அதைச் சுளுக்கு என்று விட்டுவிடாதீர்கள். அந்த எலும்பின் வெடிப்பு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். அதனால்தான் பத்துப் பதினான்கு நாளில் திரும்ப வந்து படம் எடுக்கச் சொல்கிறார்கள். அதற்கு இரத்தம் போகும் வழி ஒரு பக்கத்தால் மட்டுமே என்று சொல்லலாம். முறிந்ததைக் கவனிக்காமல் விட்டால் மற்றத் துண்டு இரத்தமில்லாமல் செத்துப்போகும். நம் ஊரில் ஒரு தம்பி இரண்டு மாதம் எண்ணெய் போட்டுத் துணி சுற்றிக்கொண்டு திரிந்தான். இன்றைக்கும் அவனால் ஒரு அரிசி மூட்டையை அந்தக் கையால் தூக்க முடியாது. முறிவு வைத்தியர்களை நான் குறைவாகப் பேசவில்லை. எண்ணெய்க்கு முன் எக்ஸ்ரே. அந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

இப்போது நான் இதை எழுதுவதற்கான உண்மையான காரணத்துக்கு வருகிறேன். அந்தப் பிள்ளையின் வாப்பாவிடம் அனுமதி கேட்டுத்தான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம்.

தரம் 8 மாணவன். மலையிலிருந்து இறங்கி முடிந்து, ஊருக்குள் வரும் தட்டையான இடம். வேகமே இல்லை. முன் சில்லு கான் ஓரத்தில் சிக்கி ஹேண்டில் திரும்பியது. அவன் அதன் முனை மேல் வயிறு பட விழுந்தான். ஹேண்டிலின் கைப்பிடி ரப்பர் கிழிந்து, இரும்புக் குழாய் வெளியே தெரிந்துகொண்டிருந்த சைக்கிள் அது. எழும்பினான், மண்ணைத் தட்டினான், கூட்டாளிகளோடு சிரித்தான், வீட்டுக்கு ஓடிப் போனான். இரவு சோறும் சாப்பிட்டான். யாரிடமும் சொல்லவில்லை. "இன்னொரு தரம் விழுந்துட்டு வந்தா சைக்கிள வித்துருவன்" என்று வாப்பா முந்தின வாரம்தான் சொல்லியிருந்தார்.

அடுத்த நாள் அவன் பாடசாலைக்கு வரவில்லை. இடைவேளையில் கூட்டாளி ஒருவன் வந்து, "சேர், அவன் நேத்து விழுந்த, வயித்துல அடிபட்ட" என்று சொன்னான். பாடசாலை விட்டதும் நேரே வீட்டுக்குப் போனேன். காலையிலிருந்து நான்கைந்து தரம் வாந்தி. உம்மா கேஸ் என்று நினைத்து இஞ்சியும் கொத்தமல்லியும் அவித்துக் கொடுத்திருந்தார். பிள்ளை முழங்காலை மடக்கிச் சுருண்டு கிடந்தான். சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். தொப்புளுக்கு மேலே வட்டமாக ஒரு தழும்பு. பத்து ரூபாய்க் குற்றியை வைத்து அழுத்தின மாதிரி. இரத்தம் இல்லை, தோல் கிழியவில்லை. அவ்வளவுதான் வெளியே தெரிந்தது.

அன்றிரவே ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றி, ஸ்கேன் பண்ணினார்கள். சதையி நசுங்கியிருந்தது. வைத்தியர் விளக்கினார்: சதையி முதுகெலும்புக்கு முன்னால் குறுக்காகப் படுத்திருக்கிற உறுப்பு. ஹேண்டில் முனை வயிற்றைக் குத்தும்போது முன்னால் இரும்பு, பின்னால் எலும்பு, நடுவில் அது. சிறு பிள்ளைகளுக்கு வயிற்றுத் தசை மெல்லியது, அதனால் அடி உள்ளே போய்விடும். ஈரலும் மண்ணீரலும் குடலும் இதே மாதிரிப் பாதிக்கப்படலாம். சில பிள்ளைகளுக்கு முதலில் ஒன்றுமே தெரியாது, மணித்தியாலங்கள் கழித்தோ அடுத்த நாளோதான் நோவும் வாந்தியும் வரும். மூன்று கிழமை வார்டில் இருந்தான். அல்ஹம்துலில்லாஹ், இப்போது வகுப்பில் முன் வரிசையில் இருக்கிறான்.

அவனிடம் நான் கேட்டேன், "ஏன் மகன் சொல்லல்ல?" அவன் சொன்ன பதில்: "சொன்னா சைக்கிள் போயிரும் சேர்."

ஜமாஅத்தாரே, இதைக் கொஞ்சம் யோசியுங்கள். ஒரு வீட்டில் போட்ட தடை ஒரு பிள்ளையின் வாயை ஒரு நாள் மூடியது. அந்த ஒரு நாள் அவன் உயிரையே கொண்டுபோயிருக்கலாம். ஊர் முழுக்கத் தடை போட்டால் என்ன நடக்கும்? பொடியன்மார் மலைக்குப் போவதை நிறுத்தமாட்டார்கள். நமக்குத் தெரியாத பாதையால் போவார்கள், தனியாகப் போவார்கள், விழுந்தால் மறைப்பார்கள். முறிந்த கையை மறைக்க முடியாது. வயிற்றுக்குள் கசிகிற இரத்தத்தை மறைக்கலாம்.

ஆகவே முதல் சட்டம் பெற்றோருக்கு. பிள்ளை விழுந்துவிட்டு வந்தால் முதல் கேள்வி "எங்க அடிபட்ட?" என்பதாக இருக்கட்டும். ஏச்சை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். வயிற்றில் வட்டத் தழும்பு, வயிற்று நோ, வாந்தி, முகம் வெளிறுதல், தோள்மூட்டில் காரணமில்லாத நோ, சிறுநீரில் இரத்தம், இவற்றில் எது இருந்தாலும் ஆஸ்பத்திரி. "ஹேண்டில் வயித்துல குத்தின" என்று வைத்தியரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். அந்த ஒரு வசனம் அவர்களுக்கு வழி காட்டும்.

இரண்டாவது, தலை. ஹெல்மட் பற்றி ஒரு தவறான எண்ணம் இருக்கிறது, போட்டால் ஒன்றும் ஆகாது என்று. ஐரோப்பியத் தரமான ஈ.என். 1078 ஹெல்மட்டை ஏறக்குறைய ஒன்றரை மீற்றர் உயரத்திலிருந்து தட்டையான இரும்பில் விழுத்திப் பரிசோதிக்கிறார்கள். சைக்கிளில் இருக்கிறவனின் தலை நிலத்துக்கு வரும் உயரமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆகவே சாதாரணமாக விழும்போது அது தலையைக் காப்பாற்றும். 36 கிலோமீற்றர் வேகத்தில் மதிலில் முட்டுவதற்கு அது செய்யப்படவில்லை. உள்ளே இருக்கும் வெள்ளை நுரை தன்னை நசுக்கிக்கொண்டு அடியை வாங்குகிறது. ஒருமுறை பலமாக அடிபட்டால் வெளியே வெடிப்புத் தெரியாவிட்டாலும் அந்த ஹெல்மட்டின் வேலை முடிந்துவிட்டது, மாற்ற வேண்டும்.

போடுகிற முறையும் முக்கியம். புருவத்துக்கு மேலே இரண்டு விரல் இடைவெளி. பட்டி இரண்டு காதுக்கும் கீழே சந்திக்க வேண்டும். நாடிக்குக் கீழே ஒரு விரல் நுழைகிற அளவுக்கு இறுக்கம். தடித்த தொப்பிக்கு மேலே ஹெல்மட் போடுகிற பழக்கம் நம் பிள்ளைகளிடம் இருக்கிறது. அப்படிப் போட்டால் அது தலையில் நிற்காது. தொப்பியை மடித்துச் சட்டைப் பையில் வையுங்கள், கீழே வந்து தொழப் போகும்போது போட்டுக்கொள்ளலாம்.

தலையில் அடிபட்டுக் கொஞ்ச நேரம் குழம்பின, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிற, தலை சுற்றுகிற பிள்ளை அன்றைக்குத் திரும்பச் சைக்கிளில் ஏறவே கூடாது. "எனக்கு ஒண்டுமில்ல" என்று அவன் சொல்வதைக் கணக்கில் எடுக்காதீர்கள். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டு போகிற தலையிடி, வலிப்பு, எழுப்ப முடியாத தூக்கம், காதிலோ மூக்கிலோ தண்ணீர் மாதிரி வடிதல் என்றால் ஒரு நிமிஷமும் தாமதிக்கக்கூடாது.

மூன்றாவது, தூக்குவது. நம் ஊர் மக்களுக்கு இரக்கம் அதிகம். யாராவது விழுந்தால் நாலு பேர் ஓடிவந்து கையையும் காலையும் பிடித்துத் தூக்கி த்ரீவீலில் மடக்கி ஏற்றிவிடுவோம். கழுத்தோ முதுகோ நோகிறது என்று சொல்கிறவனை, கை கால் விறைக்கிறது என்கிறவனை, நினைவில்லாதவனை அப்படித் தூக்கினால் நடக்கக்கூடியவனை நடக்க முடியாதவனாக்கிவிடலாம். மூச்சு விடுகிறானா என்று பாருங்கள், வாகனம் வராத மாதிரி றோட்டை மறியுங்கள், தலையை அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள், 1990க்கு எடுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். எந்தத் தோட்டம், எந்த முடக்கு, பக்கத்தில் என்ன கட்டடம் என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். மலையில் எல்லா இடத்திலும் சிக்னல் இருக்காது. அதனால்தான் மூன்று பேராவது சேர்ந்து போகச் சொல்கிறேன்: ஒருவன் விழுந்தால் ஒருவன் பக்கத்தில் இருக்க, ஒருவன் சிக்னல் தேடிப் போக.

நான்காவது, ஓடும் முறை. இது பொடியன்மாருக்கு.

எந்தக் கை எந்தப் பிரேக் என்று ஏறுவதற்கு முன் பார். சைக்கிளுக்குச் சைக்கிள் மாறும். பின் பிரேக்கை மட்டும் நம்பினால் சில்லு இழுபடும், வேகம் குறையாது. முன் பிரேக்கை மட்டும் பிடித்தால் பறப்பாய். இரண்டையும் சேர்த்து, மெதுவாக, முடக்குக்கு முன்னாலேயே பிடி. முடக்குக்குள் கிறவலில் பிடிக்காதே. செங்குத்தான இடத்தில் சீட்டிலிருந்து எழும்பி, பின்பாரத்தைச் சீட்டுக்குப் பின்னால் கொண்டு போ. பெடல் இரண்டும் சம மட்டத்தில் இருக்கட்டும், முழங்கையும் முழங்காலும் மடிந்து இருக்கட்டும். கல்லைப் பார்த்தால் கல்லில்தான் போய் முட்டுவாய். போக வேண்டிய வழியைப் பார்.

தெரியாத பாதையில் முதல் தடவை நடந்தோ மெதுவாகவோ இறங்கு. நேற்று இல்லாத பள்ளம் ராத்திரி மழைக்கு இன்று வந்திருக்கும். மழை நாளில் சில்லு விளிம்பைப் பிடிக்கிற பிரேக் பாதிதான் வேலை செய்யும், பாசி பிடித்த கல்லும் தேயிலை வேரும் சவர்க்காரம் மாதிரி வழுக்கும். மழை என்றால் அன்றைக்கு மலை வேண்டாம். ஃபோனைக் கையில் பிடித்துக்கொண்டு வீடியோ எடுப்பவன் ஒரு கையால் பிரேக் பிடிக்கிறான். அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

தோட்டம் நம் மைதானமும் இல்லை. லயத்து வாசலால் போகிற பாதை அது. அங்கே சின்னப் பிள்ளைகள் விளையாடுகிறார்கள், கொழுந்துக் கூடையோடு அம்மாமார் நடந்து வருகிறார்கள். நம் பிள்ளை விழுந்தால் முதலில் தண்ணீர் கொண்டு ஓடிவருவதும் அவர்கள்தான். தோட்டத்தில் அனுமதி கேள், லயம் வரும்போது இறங்கித் தள்ளிக்கொண்டு போ.

சிலர் கேட்கலாம், "சேர், எல்லாம் அல்லாஹ்வின் கையில்தானே?" ஒட்டகத்தைக் கட்டுவதா விடுவதா என்று கேட்ட மனிதருக்கு நபி (ஸல்) அவர்கள் சொன்ன பதில் நம் மத்ரஸாவில் ஓதுகிற சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பிரேக் ரப்பர் மாற்றுவதும் அந்தக் கட்டுதான்.

அடுத்த கூட்டத்துக்கு நான் வைக்கப்போகிற யோசனைகள் இவை: மலைக்குப் போகிற ஒவ்வொருவனுக்கும் ஹெல்மட் கட்டாயம். 12 வயதுக்குக் குறைந்தவர்கள் பெரியவர் ஒருவர் இல்லாமல் போகக்கூடாது. எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். மாதம் ஒருமுறை சைக்கிள் பரிசோதனை. அடிபட்டதை வந்து சொல்கிற பிள்ளைக்கு வீட்டிலும் பாடசாலையிலும் தண்டனை இல்லை. கடைசியாகச் சொன்னதை மட்டும் ஏற்றுக்கொண்டாலும் எனக்குப் போதும்.

கூட்டத்துக்குக் காத்திருக்காமல் ஒரு வேலையைத் தொடங்கிவிடுகிறோம். இந்தச் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு பாடசாலை மைதானத்துக்குச் சைக்கிளோடு வாருங்கள். சைக்கிள் கடை நானா ஸ்பெனரோடு வருகிறார், கூலி வாங்கமாட்டார். பிரேக் ரப்பர், கேபிள், முன் சில்லு நட்டு, ஹேண்டில் முனை மூடி, இந்த நான்கையும் பார்ப்போம். மூடி இல்லாத ஹேண்டிலோடு ஒரு சைக்கிளும் மைதானத்தை விட்டுப் போகாது. மகள்மாரும் சைக்கிள் ஓடுகிறார்கள், அவர்களையும் கூட்டி வாருங்கள்.

ஹெல்மட் வாங்க வசதியில்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒன்றிரண்டு வாங்கிக் கொடுக்க முடிந்தவர்கள் இன்பொக்ஸில் சொல்லுங்கள். வெளிநாட்டில் இருக்கிற நம் ஊர்ச் சகோதரர்களுக்கும் இது எட்டட்டும்.

வஸ்ஸலாம்.